கூரைமேல் ஒரு கம்பி



கொச்சித் துறைமுக நகரின் பழைய பகுதியாகிய மட்டாஞ்சேரியில் வீடுகள் மிக நெருக்கமாக அமைந்தவை. மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் ஓட்டுக் கூரைகள் ஒன்றையொன்று தோள் உரசி நிற்கின்றன. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், யூதர் எனப் பல இனத்தார் கடல்வழியும் தரைவழியும் வந்து குடியேறிய அவ்வூரில், தமிழரும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். நம்மைப் போல் மத்திய அரசின் அலுவல் காரணமாக மாற்றலாகி வந்து, வாடகை வீட்டில் நாள் கழிப்போரும் உண்டு. இத்தகைய ஊரில், பதின்மூன்று மீட்டர் நீளமே உள்ள ஒரு மொட்டை மாடியில், பொழுதுபோக்கு வானொலிக்காக இருபது மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பியை எவ்வாறு அளந்து, எவ்வாறு வளைத்துக் கட்டுவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பொழுதுபோக்கு வானொலி என்னும்போது பாட்டுக் கேட்பதை மட்டும் நாம் கருதவில்லை. அமெச்சூர் வானொலி என்றும், பேச்சு வழக்கில் ‘ஹாம்’ என்றும் வழங்கும் முயற்சி இது. அரசாங்கத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலுள்ள சிறு கருவியைக் கொண்டு, தம்மைப் போன்றே உரிமம் பெற்ற மற்றொருவருடன் நேராக உரையாடுகிறார். இடையில் தொலைபேசி நிலையம் இல்லை. கம்பெனியின் கோபுரம் இல்லை. மாதக் கட்டணமும் இல்லை. ஊதியத்துக்கோ வாணிபத்துக்கோ இதனைப் பயன்படுத்தலாகாது. கருவியைக் கடையில் வாங்கிவிடலாம். ஆயின், கருவியினின்று புறப்படும் மின்னாற்றலை அலையாக மாற்றி வான்வெளியில் விடுவது கூரைமேல் உள்ள கம்பியே. அதனை நாமே செய்துகொள்வது எளிது, மலிவும் கூட. நம்முடைய கூரைக்கு ஏற்பச் செய்துகொள்ளவும் இயலும். விலையுயர்ந்த கருவியைத் தரங்குறைந்த கம்பியில் இணைத்தவர் வருந்துவதையும், எளிய கருவியை நல்ல கம்பியில் இணைத்தவர் மகிழ்வதையும் இத்துறையில் அடிக்கடி காணலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இக்கம்பியின் பெயர் குறித்துச் சற்று நின்று போக ஆசை. நம் பாட்டனார் காலத்தில் இதனை ‘ஏரியல்’ என்றனர். கூடத்தின் இரு சுவர்களுக்கிடையே நாடா போன்ற செப்பு வலையைக் கட்டி, அதன் ஒரு முனையை வானொலிப் பெட்டியின் முதுகுப்புறத்தில் செருகியிருந்த காட்சியை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் ‘ஆன்டெனா’ வந்தது. அது இலத்தீன் மொழியில் பாய்மரத்தின் குறுக்குக் கழியைக் குறித்த சொல். கப்பல் துறையில் வாழும் நமக்கு அது பொருத்தமாகவே படுகிறது. கலைச்சொல் அகராதிகளைப் புரட்டினால் ‘அலைவாங்கி’ என்பது கிடைக்கும். வாங்குவதோடு வழங்குவதும் இதன் பணி அன்றோ? ஆகையால் அது பாதிப் பெயரே. நாம் வான்கம்பி என்று சொல்வோம். நடுவில் துண்டித்து இரு கைகளாக நீட்டிய வான்கம்பிக்கு ‘டைபோல்’ என்பது உலக வழக்கு. இருமுனைக் கம்பி என்று தமிழாக்கலாம். ஆயினும் கடைத்தெருவில் டைபோல் என்றால்தான் புரியும். அச்சொல் அவ்வாறே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த டைபோல்தான் வான்கம்பிகளுள் மூத்தது. 1886-ஆம் ஆண்டுக்கும் 1888-ஆம் ஆண்டுக்கும் இடையில், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்துத் தொழிற்கல்லூரியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் பேராசிரியர், நேர்க்கோட்டில் வைத்த இரு கம்பிகளின் நடுவே சிறு இடைவெளி விட்டு, அதில் மின்பொறியைத் தாவச் செய்தார். அறையின் மறுபுறத்தில் வைத்திருந்த வளையத்தின் சிறு இடைவெளியிலும் பொறி தோன்றியது. கம்பித் தொடர்பு இன்றியே மின்னலை அறையைக் கடந்திருந்தது. அவர் பெயரையே நாம் இன்றும் அதிர்வெண்ணின் அலகாக வழங்குகிறோம். அன்று அவர் வைத்த வடிவத்துக்கும் இன்று நம் கூரைமேல் உள்ள வடிவத்துக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. இரண்டு கைகள், நடுவில் மின்னாற்றல் நுழையும் வாயில், அவ்வளவே.

கைகளின் நீளத்தை எவ்வாறு அறிவது? இங்கே கணக்கு நுழைகிறது. அஞ்சத்தக்க கணக்கு அன்று. மின்னலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலுள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு வழங்கப்பட்டுள்ள பட்டைகளுள் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது உள்நாட்டு உரையாடலுக்கு மிகவும் பயன்படுவது. அதன் நடுவாகிய 7.1 என்பதை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் 42 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதில் பாதி 21 மீட்டர். டைபோல் அலையின் பாதி நீளம் உடையது. ஆனால் கம்பியின் நுனிகளில் மின்புலம் சற்று வெளியே வழிவதால், கம்பி தன் அளவைவிட நீண்டது போல் நடந்துகொள்ளும். அதற்காக நூற்றுக்கு ஐந்து பங்கு குறைக்கவேண்டும். மீதி ஏறத்தாழ 20 மீட்டர். ஒரு கைக்குப் பத்து மீட்டர். பட்டையை மாற்றினால் நீளமும் மாறும். 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மொத்தம் 10 மீட்டர் போதும். 28 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டரே. வீணையின் தந்தி நீளம் குறையக் குறையச் சுருதி உயர்வது போன்றதே இது.

இந்த அளவு பொருந்தும்போது கம்பியில் மின்னோட்டம் ஒத்திசைந்து ஊசலாடுகிறது. பொருந்தாதபோது, அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி கருவிக்கே திரும்பி வருகிறது. ஆகவே நீளத்தில் கவனம் வேண்டும். வடிவத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி.

அதற்குக் காரணம் உண்டு. டைபோலின் மின்னோட்டம் கம்பி முழுவதும் ஒரே அளவாகப் பாய்வதில்லை. நடுவில் அது மிகுதி. நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்து, நுனியில் இல்லாமலே போகிறது. அலையை வீசுவது மின்னோட்டமே. கணக்கிட்டுப் பார்த்தால், கம்பியின் நடுப்பாதி மட்டுமே ஏறத்தாழ 70 சதவீத வேலையைச் செய்துவிடுகிறது. 20 மீட்டர் கம்பியில் நடுவிலுள்ள 13 மீட்டரை நேராக வைத்துக்கொண்டால் 85 சதவீதம் கைக்கு வந்துவிடும். எஞ்சிய மூன்றரை மீட்டரை இருபுறமும் கீழே தொங்கவிட்டாலும், பக்கவாட்டில் மடக்கிக் கட்டினாலும் இழப்பு சொற்பமே. நுனிகள் வெட்டி எறியத்தக்கவை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவை நீளக் கணக்கை நிறைவு செய்கின்றன. அவை இல்லாவிடில் ஒத்திசைவே குலைந்துவிடும். நேராக நிற்க வேண்டிய கட்டாயம்தான் அவற்றுக்கு இல்லை. நம் மாடியின் 13 மீட்டரில் 20 மீட்டர் கம்பி அடங்கியது இவ்வாறே.

வளைக்கும் முறைகளுள் பெரிதும் வழங்குவது, நடுப்புள்ளியை ஒரே கம்பத்தில் உயர்த்தி, இரு கைகளையும் கூரைச் சரிவு போலக் கீழே இறக்கிக் கட்டுவது. ஆங்கில எழுத்தாகிய ‘வி’யைத் தலைகீழாகக் கவிழ்த்தாற்போல் தோன்றுவதால் கவிழ்ந்த ‘வி’ என்பர். ஒரு கம்பம் போதும் என்பது இதன் முதற் சிறப்பு. உச்சிக் கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் இரு கைகளும் ஒன்றன் செயலை மற்றொன்று கெடுக்கும். நேராக நீட்டிய டைபோலின் வாயிலில் மின்தடை 70 ஓம் அளவில் இருக்கும். கவிழ்ந்த ‘வி’யில் அது 50 ஓம் அளவுக்கு இறங்குவது வழக்கம். கருவிகளும் கேபிளும் 50 ஓமுக்கே செய்யப்படுவதால் இந்த இறக்கம் நமக்கு நன்மையே.

இனி உயரத்தைப் பற்றிக் கூறவேண்டும். இதில் நூல்கள் கூறுவதற்கும் நமக்கு வேண்டுவதற்கும் சற்று வேறுபாடு உண்டு. வான்கம்பியை அலையின் பாதி உயரத்துக்கேனும் தூக்கவேண்டும் என்று நூல்கள் கூறும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது 21 மீட்டர். ஏழுமாடிக் கட்டடத்தின் உயரம். நூலாசிரியர்கள் கண்டங்களைக் கடந்து பேச விரும்புவோரை மனத்திற்கொண்டு எழுதுகின்றனர். கம்பி உயர்ந்தால் அலை அடிவானத்தை ஒட்டித் தாழப் புறப்பட்டு, நெடுந்தொலைவு சென்று இறங்கும். மட்டாஞ்சேரித் தமிழர் பேச விரும்புவது பிரேசில் நாட்டுடனா? மதுரையுடன், திருநெல்வேலியுடன், திருச்சியுடன், சென்னையுடன் அன்றோ? வானவழி அளந்தால் கொச்சியிலிருந்து மதுரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர், திருநெல்வேலியும் அவ்வளவே, சென்னை 560. தொலைவு சிறிது. ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி, கொச்சிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட மலைத்தொகுதியில்தான் இருக்கிறது. கையடக்கக் கருவிகளில் பயன்படும் 144 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஒளியைப் போல் நேராகச் செல்பவை; மலையில் முட்டி நின்றுவிடும்.

7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு வேறொரு வழி இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் கதிர்வீச்சால் மின்னூட்டம் பெற்ற அயனிமண்டலம் பரவியிருக்கிறது. ஏறக்குறையச் செங்குத்தாக மேலே அனுப்பிய அலையையும் பகற்பொழுதில் அது திருப்பிக் கீழே அனுப்பிவிடும். கொச்சியிலிருந்து 70 பாகைச் சாய்வில் மேலே சென்ற அலை, மதுரையில் வந்து இறங்கும். சென்னைக்கு 47 பாகை. மலை அந்த வழியின் அடியில் எங்கோ கிடக்கும் ஒரு மேடு, அவ்வளவுதான். செங்குத்தாக அலை வீசுவதற்கு உயர்ந்த கம்பி உதவாது. எட்டு அல்லது பத்து மீட்டர் உயரத்தில் தாழக் கட்டிய கம்பியே ஏற்றது. இரண்டு மாடி வீட்டின் கூரைமேல் மூன்று மீட்டர்க் கழியை நட்டால் அவ்வுயரம் வந்துவிடுகிறது. வசதியின்மையால் நாம் தாழக் கட்டுவது, மலைக்கு அப்பாலுள்ள உறவினருடன் பேசுவதற்கு வேண்டிய உயரமாகவே அமைகிறது. இதனை அறியாமல், உயரமான கம்பம் இல்லையே என்று முயற்சியைக் கைவிட்டோர் பலர்.

இரவில் நிலை மாறும். நள்ளிரவுக்குப் பின்னர் அயனிமண்டலம் மெலிந்து, செங்குத்தாகச் செல்லும் அலையைத் திருப்ப வலுவற்றுப் போகும். அப்போது அருகிலுள்ள நிலையங்கள் மறைந்து, தொலைவிலுள்ளவை கேட்கும். சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதைப் பொறுத்தும் நன்மை தீமைகள் உண்டு. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டதை நேயர்கள் அறிவர். பூமியின் காந்த நடுக்கோடு அவ்விடத்துக்கு அண்மையில் செல்வதும், அக்கோட்டுக்கு மேலுள்ள அயனிமண்டலம் தனித்தன்மை வாய்ந்ததாக இருப்பதுமே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள். அந்த வானத்தின் கீழ்தான் தென்னாட்டு அமெச்சூர்கள் அனைவரும் கம்பி கட்டுகிறோம்.

கட்டும் முறைக்கு வருவோம். வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் பல இழைச் செப்புக் கம்பி, ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ளது, போதுமானது. அதன் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை உரிக்க வேண்டியதில்லை. உப்புக் காற்றிலிருந்து செம்பைக் காப்பதற்கு அதுவே உதவும். உறை இருப்பதால் அலை சற்று மெதுவாகச் செல்லும். அதனால் நீளத்தை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இன்னும் குறைக்க நேரும். முதலில் குறைக்கவேண்டாம். ஒவ்வொரு கையையும் பத்தேகால் மீட்டராகவே வெட்டி, நுனியில் மடித்துக் கட்டிக்கொள்க. வெட்டியதை ஒட்டுவது தொல்லை. மடித்ததை விரிப்பது எளிது. நடுவிலும் இரு நுனிகளிலும் மின்காப்புத் துண்டுகள் வேண்டும். பழைய மின்சாமான் கடைகளில் முட்டை வடிவப் பீங்கான் கிடைக்கும். இல்லையேல் ஒரு சாண் பி.வி.சி. குழாயில் இரு துளைகள் இட்டுக்கொண்டால் போதும்.

கயிற்றைப் பற்றி ஒரு சொல். ஆலப்புழை அருகில் இருப்பதால் கொச்சியில் தென்னங்கயிற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அது மழைநீரை உறிஞ்சி, கனத்துத் தொய்ந்து, ஈராண்டில் இற்றுவிடும். நைலான் கயிறே தக்கது. ஃபோர்ட் கொச்சியின் வேலி என்னும் இடத்தில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் துறை ஒன்று உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டோரின் வழிவந்தவர்கள் அவர்கள் என்பர். இரட்டை முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் ஓரத்தைச் செருகி, ஒரு கவ்வியும் இன்றி, கடற்காற்றில் நூற்றுக்கணக்கான துணிகளை அவர்கள் உலர்த்தும் நேர்த்தியைக் கண்டால், கயிறு கட்டுவதில் நாம் கற்க வேண்டியது எவ்வளவு என்பது புலப்படும். எவ்வளவு இழுப்பது, எங்கே தளர விடுவது, காற்று எத்திசையிலிருந்து வரும் என்பன வான்கம்பிக்கும் உரிய கேள்விகளே.

அதே கரையில் சீனவலைகள் நிற்கின்றன. அவற்றின் பின்புறத்தில் கயிறுகளில் கற்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் பாரத்துக்கு அக்கற்கள் எதிர்ப்பாரம். தென்னை மரத்தில் வான்கம்பியின் ஒரு நுனியைக் கட்டுவோர் இம்முறையையே கையாள வேண்டும். மரத்தில் ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியாகக் கயிற்றைச் செலுத்தி, மறுமுனையில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால், ஆனி ஆடிக் காற்றில் மரம் எவ்வளவு ஆடினாலும் கல் ஏறி இறங்குமேயன்றிக் கம்பி அறாது. மரத்தில் இறுக்கிக் கட்டிய கம்பி முதல் மழைக்கே அறுந்துவிடும். கப்பியை யார் ஏற்றுவது என்று கவலைப்படவேண்டாம். தேங்காய் பறிக்க வருபவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஐந்து நிமிட வேலை. மரம் அண்டை வீட்டாருடையதாயின் முதலில் அவர் இசைவு வேண்டும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நடுவிலிருந்து கருவி வரை செல்வதற்குக் கோஆக்சியல் கேபிள் தேவை. அதன் உள்கம்பியை ஒரு கையிலும், வெளிப்பின்னலை மறு கையிலும் பற்றவைக்க வேண்டும். இணைப்பிடத்துக்குச் சற்றுக் கீழே கேபிளை ஒரு சாண் விட்டத்தில் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி, வளையமாகக் கட்டிவிடுக. இல்லையேல் கேபிளின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் வழிந்து வீட்டுக்குள் புகுந்து, அண்டை வீட்டாரின் தொலைக்காட்சியில் நம் குரல் கேட்கும். நட்புக்கு அது நல்லதன்று. மட்டாஞ்சேரியில் நான்கு மாதம் பருவமழை. பின்னலின் வழியே நீர் ஊறி உள்ளே இறங்கினால் கேபிள் முழுவதும் பாழ். இணைப்பை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுவதோடு, கேபிள் சுவரில் நுழையுமுன் ஒரு வளைவு தாழ்ந்து மேலேறுமாறு விட்டால், நீர் அவ்விடத்திலேயே சொட்டிவிடும்.

கட்டி முடித்த பின்பு சுருதி கூட்டவேண்டும். திரும்பி வரும் ஆற்றலின் விகிதத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றைக் கேபிளுக்கும் கருவிக்கும் இடையில் வைத்து, பட்டையின் எந்த இடத்தில் அவ்விகிதம் மிகக் குறைவாக இருக்கிறது என்று பார்க்கவேண்டும். 7.1-க்குக் கீழே குறைவாக இருந்தால் கம்பி நீளம். மேலே குறைவாக இருந்தால் குட்டை. ஒவ்வொரு கையிலும் ஐந்து சென்டிமீட்டர் மடித்தால் இடம் ஏறத்தாழ 35 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். இரு கைகளையும் ஒரே அளவில் மாற்றுக. விகிதம் ஒன்றரைக்கு ஒன்று என வந்தவுடன் நிறுத்திவிடலாம். அதனையும் சரியாக ஒன்றுக்கு ஒன்றாக்க வேண்டுமென்று வாரக்கணக்கில் மாடிப்படி ஏறி இறங்குவோர் உண்டு. அவர்கள் பேசும் நேரத்தைக் காட்டிலும் அளக்கும் நேரமே மிகுதி.

உயிருக்கு ஆபத்தான செய்திகளை இனிக் கூறவேண்டும். மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் மின்வாரியத்தின் கம்பிகள் மாடிச் சுவரை ஒட்டியே செல்வதைக் காணலாம். அவற்றின் மேலாகவோ கீழாகவோ வான்கம்பியை ஒருபோதும் கொண்டுசெல்லலாகாது. கம்பம் சாய்ந்தாலும், கயிறு அறுந்தாலும், கம்பி காற்றில் பறந்தாலும் மின்கம்பியைத் தொட இயலாத இடமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். அத்தகைய இடம் இல்லையேல் கட்டாமல் விடுவதே அறிவுடைமை. இதில் வளைவதற்கும் மடிப்பதற்கும் இடமில்லை. இரண்டாவது, இடி. கேரளத்தில் சித்திரை வைகாசி மாலைகளிலும், ஐப்பசியில் வரும் துலாவர்ஷக் காலத்திலும் மின்னல் கடுமையானது. வானம் கறுக்கும்போதே கேபிளைக் கருவியினின்று கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுக. மூன்றாவது, நுனிகள். நடுவில் மின்னோட்டம் மிகுந்திருப்பது போல, நுனிகளில் மின்னழுத்தம் மிகும். 100 வாட் செலுத்தும்போது அது ஆயிரம் வோல்ட்டையும் எட்டக்கூடும். குழந்தைகள் கைக்கு எட்டும்படி நுனிகளைத் தொங்கவிடலாகாது. மடக்கித் தொங்கவிட்டோர் இதனை இரு மடங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

வாடகை வீட்டில் இருப்போர் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டே ஏறுவது நலம். பெரிய கோபுரம் வரப்போகிறதோ என்று முதலில் அஞ்சுவார்கள். துணி உலர்த்தும் கொடியைவிட மெல்லிய கம்பி என்று கையில் காட்டிவிட்டால் பெரும்பாலும் இசைவு கிடைக்கும். சுவரில் துளையிடாமல், காலி எண்ணெய் டின்னில் சிமெண்டுக் கலவை நிரப்பி அதில் கழியை நட்டு, நான்கு புறமும் கயிற்றால் இழுத்துக் கட்டினால், மாற்றல் உத்தரவு வந்த அன்றே சுருட்டி எடுத்துச் செல்லலாம். மத்திய அரசு ஊழியர்க்கு இது சிறு வசதி அன்று.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். ஒலிபரப்புகளைக் கேட்பதற்கு இந்நாளில் உரிமம் தேவையில்லை. ஒரு சொல்லேனும் அனுப்புவதற்கு உரிமம் கட்டாயம். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு நடத்தி, ‘வி.யு.’ என்று தொடங்கும் அழைப்புக் குறியை வழங்குகிறது. பன்னிரண்டு வயது நிறைந்தோர் எழுதலாம். விமானத் தளங்களுக்கு அருகில் கம்பத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு. வெலிங்டன் தீவில் கடற்படையின் விமானத்தளம் இருப்பதால் கொச்சியினர் இதனை விசாரித்தறிய வேண்டும்.

பொழுதுபோக்கு என்று சொன்னோம். தமிழ் மண்ணில் ஒலிபரப்பே பொழுதுபோக்காளர்களால் தொடங்கப்பட்டது என்பதை இங்கே குறிப்பிடலாம். 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டிலேயே சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பியது. பணமுடையால் கழகம் ஓய்ந்தபின் நகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இல்தான் வந்தது.

வேறொரு நிகழ்ச்சி 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, திருமதி பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானில் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. உலகெங்குமுள்ள அமெச்சூர்களுடன் அத்தீவிலிருந்து பேசுவதே அவர்கள் நோக்கம். அதற்காகத்தான் கம்பிகளைக் கட்டியிருந்தனர். 26-ஆம் நாள் காலை நிலம் நடுங்கி, ஆழிப்பேரலை எழுந்தது. தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. விளையாட்டாகக் கட்டிய அதே கம்பிகள் அன்று முதல் தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்குச் சுமந்தன. இன்னார் உயிருடன் இருக்கிறார் என்னும் ஒற்றை வரிக்காகச் சென்னையிலும் பிற ஊர்களிலும் காத்திருந்தோர் எத்தனையோ பேர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோதும், நெடும்பாசேரி விமான நிலையமே நீரில் மூழ்கி மூடப்பட்டிருந்த அந்நாட்களில், அமெச்சூர்கள் தம் கருவிகளோடும் கம்பிச் சுருளோடும் சென்று உதவினர். கைப்பேசிக் கோபுரம் மின்சாரம் இன்றி உறங்கும்போது, ஒரு கார் பேட்டரியும் இருபது மீட்டர் கம்பியும் இரண்டு மரங்களும் இருந்தால் பேச்சு நடக்கும். அந்நேரத்தில் கம்பியின் கணக்கை நூலில் தேடிக்கொண்டிருக்க இயலாது. முன்பே ஒருமுறை தம் கையால் கட்டியவருக்கே அது விரைவாக வரும்.

கொச்சியைவிடத் தொலைவில் இருக்கும் நேயர்களுக்குச் சில குறிப்புகள் கூறி முடிக்கிறோம். பெங்களூரில் இருப்போர் நாம் கூறியவாறே 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியைத் தாழக் கட்டலாம். தில்லி, கொல்கத்தா, மும்பை ஆகிய நகரங்களிலிருந்து தமிழ்நாடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் பட்டை பயன்படும். அதற்குப் பத்து மீட்டர் கம்பியே போதும். சிறிய மாடியிலும் நேராக நீட்டலாம். ஆனால் இங்கே உயரமும் திசையும் கணக்கில் சேரும். பத்து மீட்டர் உயரத்துக்காவது தூக்கவேண்டும். கம்பி தன் நுனிகள் நோக்கும் திசையில் குறைவாகவும், தன் பக்கவாட்டில் மிகுதியாகவும் வீசும். ஆகவே தில்லியில் கிழக்கு மேற்காகக் கட்டுக. கொல்கத்தாவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. மும்பையில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக. போர்ட் பிளேரில் இருக்கும் தமிழர் வடக்குத் தெற்காகக் கட்டினால் சென்னை நேர் எதிரே இருக்கும்.